முனைவர் என்றால் பகைவரா?

ஜூலை 19: கேள்வி

குத்தாலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது. "அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம். வேதியியலில் பிஎச்.டி. முடித்தவர். பத்திரிகை புரூஃபில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருந்தோம். பெரியப்பா பார்த்துவிட்டு, 'முனைவர்னா பழைய தமிழ்ல எதிரின்னு அர்த்தம்டா, மங்கல காரியத்துல அதைப் போடாதே, டாக்டர்னு போடு' என்று சொல்லிவிட்டார். அகராதியைப் புரட்டினால் அவர் சொன்ன பொருள் இருக்கத்தான் செய்கிறது. அப்படியிருக்க எதை நினைத்து இந்தச் சொல்லைப் பட்டத்துக்கு வைத்தார்கள்? அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்."

ஜூலை 19, இரவு

அகராதியில் இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு கிளை மட்டும்தான். முனை என்றால் போர்முனை. போர்முனையில் எதிரே வந்து நிற்பவர் முனைவர், அதாவது பகைவர். பெரியப்பா அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டம் வந்தது இன்னொரு கிளையிலிருந்து. தொல்காப்பியம் மரபியலில் ஒரு நூற்பா:

"வினையின் நீங்கி விளங்கிய அறிவின்
முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்."

இங்கே முனைவன் என்றால் எல்லோருக்கும் முன்னால் நிற்பவன், முதல்வன். இந்த இரண்டு அடியையும் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் எழுத்து மாறாமல் எடுத்து வைத்துக்கொண்டார். தாராளமாக முனைவர் என்றே போடுங்கள். மங்கலத்துக்கு ஒரு குறையும் வராது.

ஜூலை 20

நேற்று அவசரமாக எழுதியது. இரண்டு கிளை என்று சொன்னேனே, அவை ஒரே மரத்தில்தான் பிரிகின்றன. முன் என்பதிலிருந்து முனை. எது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது முனை. ஊசிமுனை, ஏர்முனை, குமரிமுனை எல்லாம் இந்த வகை. படையின் முன்பக்கம் போர்முனை. ஒரு காரியத்தில் தன்னை முன்னால் செலுத்துவது முனைதல், முனைப்பு. ஆக, எதிராளியும் முன்னால் நிற்கிறான், முதல்வனும் முன்னால் நிற்கிறான். யாருக்கு முன்னால், எதற்காக நிற்கிறான் என்பதில்தான் வேறுபாடு.

மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, பக்கத்திலேயே நீடூர் இருக்கிறது. அறுபத்து மூவரில் முனையடுவார் நாயனார் அந்த ஊர்க்காரர். தோற்றவர்கள் வந்து கூலி பேசிக் கூப்பிட்டால் அவர்களுக்காகப் போர்முனைக்குப் போய் வென்று கொடுப்பார், வந்த பொன்னை அடியார்களுக்குச் செலவிடுவார். 'முனை அடுவார்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "அறைக்கொண்ட வேல்நம்பி முனையடுவார்க்கு அடியேன்" என்று பாடியிருக்கிறார். போர்முனையோடு ஒட்டிய பெயர்தான், ஆனாலும் அதை யாரும் அமங்கலம் என்று ஒதுக்கவில்லை. கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அகராதியைவிட நாயனார் பெயருக்கு அவர் அதிகம் இசைவார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 21

"டாக்டர் என்று போட்டால் என்ன குறை? அதுதானே மூலம்?" என்று வேறொருவர் கேட்கிறார்.

குறை ஒன்றும் இல்லை. ஆனால் மூலம், தழுவல் என்று அவர் நினைக்கும் உறவு இந்த இரண்டுக்கும் கிடையாது. லத்தீனில் தோகேரே என்றால் கற்பித்தல். அதைச் செய்பவர் தோக்தோர், அதாவது வாத்தியார். இடைக்கால ஐரோப்பாவில் பொலோஞா, பாரிஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரைப் பெறுவது, இனி இவர் பாடம் சொல்லித்தரலாம் என்ற உரிமையைப் பெறுவதோடு பிணைந்தது. அங்கே மருத்துவம் கற்பிக்கத் தகுதி பெற்றவரும் டாக்டர், சட்டம் கற்பிக்கத் தகுதி பெற்றவரும் டாக்டர், இறையியலிலும் அப்படியே. பின்னால் மக்கள் வாயில் அது மருத்துவருக்கே உரிய பெயராக நின்றுவிட்டது. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். என்பது இளநிலைப் பட்டம்தான். அதை முடித்தவரை டாக்டர் என்று அழைப்பது வழக்கத்தால் வந்த மரியாதை. அதில் தப்பும் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் நாம் ஓடுவது அவரிடம்தான்.

பிஎச்.டி. என்ற வடிவம் இவ்வளவு பழசும் இல்லை. ஆராய்ந்து புதிதாக ஒன்றைச் சொன்னால்தான் பட்டம் என்ற முறை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வேர்பிடித்தது. 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் யேல் 1861இல்தான் முதல் பிஎச்.டி.களைக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இந்தப் பட்டம் வந்தது 1917இல். நம் கும்பகோணம் அரசு கல்லூரி 1854இல் பள்ளியாகத் தொடங்கி, பின்னால் கல்லூரி ஆனது. அதாவது கும்பகோணத்தில் அந்த நிறுவனம் நடக்க ஆரம்பித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் இந்தப் பட்டமே வருகிறது.

பிஎச்.டி. என்பதன் விரிவு 'டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி'. அதில் வரும் ஃபிலாசஃபி, அதாவது தத்துவம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "வேதியியல் படித்தவருக்கு எதற்குத் தத்துவப் பட்டம்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாள் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றும் போக மீதி எல்லாப் படிப்பும் தத்துவப் புலம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தது. வேதியியலும் அங்கேதான். பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

ஜூலை 22

அச்சகத்துக்கு முனைவர் என்றே கொடுத்துவிட்டார்களாம். பெரியப்பா சம்மதித்துவிட்டார். சரி, நல்லது. இந்தப் பேச்சு மட்டும் இதோடு முடியக் கூடாது, எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜூலை 24

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, நாங்கள் கலாநிதி என்கிறோம்" என்கிறார். ஆமாம், இலங்கைத் தமிழர் வழக்கு அது. வடமொழியில் கலாநிதி என்றால் கலைகளின் இருப்பிடம். நிலவுக்கும் அதுவே பெயர், ஏனென்றால் நிலவின் பிறைகளும் கலைகள்தாம். அழகான சொல். 1925இல் உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்த பட்டமும் 'தாக்ஷிணாத்ய கலாநிதி'தான்.

எனக்கு முனைவரே பிடிக்கிறது. வடமொழி, தமிழ் என்ற கணக்கை இதில் கொண்டுவரவில்லை. கலாநிதி ஒருவரிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. டாக்டர் அவர் என்ன வேலைக்குத் தகுதி பெற்றார் என்பதைச் சொல்கிறது. முனைவர் அவர் எதைச் செய்து அந்தப் பெயரைப் பெற்றார் என்று கேட்கிறது. முதல்நூல் எங்கே என்று கேட்கிற சொல் அது.

ஜூலை 27

அந்தக் கேள்வியைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

தொல்காப்பியர் முதல்நூலுக்கு அடுத்ததாக வழிநூல் என்று ஒன்றைச் சொல்கிறார். அது நாலு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். பரந்து கிடப்பதைச் சுருக்கினால் தொகுத்தல், சுருங்கிக் கிடப்பதைப் பெருக்கினால் விரித்தல், இரண்டையும் கலந்து செய்தால் தொகைவிரி, வேற்றுமொழியிலிருந்து முறையாகக் கொண்டுவந்தால் நாலாவது. நன்னூல் இன்னும் ஒரு படி போய்ச் சார்புநூல் என்று மூன்றாவது ஒன்றையும் வைக்கிறது. வழிநூல் மட்டம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அதற்கும் மரியாதையான இடம் உண்டு. ஆனால் முனைவன் என்ற சொல்லை முதல்நூலுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள்.

நான் திருவிடைமருதூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். தலைப்பு, காவிரிப் படுகை உழவுச் சொற்கள். சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய் வரப்பில் உட்கார்ந்து எழுதியெடுத்தேன். சேடை, அண்டை வெட்டு, நாற்று முடி, தலைமடை, கடைமடை என்று நோட்டு நிறைந்துகொண்டே போனது.

ஆய்வேடு எழுதும் கட்டம் வந்தபோது எனக்குச் சொல்லப்பட்ட அமைப்பு இதுதான். முதல் இயல், தமிழர் வாழ்வில் உழவு. இரண்டாவது, இலக்கியங்களில் உழவு. மூன்றாவது, முன்னாய்வுகள். நாலாவது, மொழியியல் கோட்பாடுகள். நான் வயலில் கேட்டு வந்த அத்தனையும் பின்னிணைப்பு ஒன்று. அதாவது வழிநூல் எல்லாம் நடுக்கூடத்தில், முதல்நூலாகக் கூடியது கொல்லைப்புறத்தில். நான் வாதாடினேன். "எல்லாரும் இப்படித்தான் பண்ணியிருக்காங்க, நீங்க மட்டும் மாத்தினா வெளியே போய் நிக்கும்" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை, அவரும் அப்படித்தான் பட்டம் வாங்கியிருந்தார். ஒப்புக்கொண்டேன். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைக் கையில் எடுத்தார். முன்பக்கம் எதையும் தொடவில்லை, நேராகப் பின்னிணைப்பைத் திறந்தார். பென்சிலால் ஒரு இடத்தில் கோடு போட்டிருந்தார். "பதரும் கருக்காயும் வேறவேறன்னு எழுதியிருக்கீங்களே, இதை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டார். அரங்கில் கேட்கப்பட்ட கேள்விகளில் என் மனசில் நின்றது அது ஒன்றுதான்.

ஜூலை 28

கருக்காயைப் பற்றிக் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன்.

நான் புரட்டிய சொற்பட்டியல்களில் பதர், கருக்காய், சாவி மூன்றையும் உள்ளீடு இல்லாத நெல் என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போனேன். அறுவடை முடிந்த களம், நல்ல மேல்காற்று. ஒரு பெரியவர் முறத்தைத் தோளுக்கு மேல் தூக்கிச் சாய்த்துத் தூற்றிக்கொண்டிருந்தார். நெல் அவர் காலடியிலேயே சரசரவென்று குவிந்தது. பதர் தூரமாகப் பறந்து வேலியோரம் போய் ஒட்டியது. இரண்டுக்கும் நடுவில், நெற்குவியலின் கிழக்கு ஓரத்தில், மெலிசாக ஒரு கோடு மாதிரி இன்னொன்று விழுந்தது. அதைக் கையில் அள்ளி என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். உமி கழன்று உள்ளே பச்சை ஓடிய அரைகுறை அரிசி நொறுங்கியது.

"பதர்ல ஒண்ணும் இல்லம்மா, அது போவட்டும். இது கருக்காய். பால் புடிச்சு முத்தாம நின்னுபோனது. இதைக் கோழிக்குப் போடலாம், வாத்துக்குப் போடலாம். தூத்துறப்ப ரெண்டையும் ஒண்ணாச் சேத்தா அவன் வெவசாயியே இல்ல."

தேர்வாளரிடம் இதைத்தான் சொன்னேன். காற்று பிரித்துக் காட்டிய வேறுபாடு, அந்தக் களத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் ஆய்வேட்டை மூடிவிட்டு, "இதை முன்னாடி வச்சிருக்கணும்" என்றார்.

ஜூலை 30

திருவாரூரிலிருந்து ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். "முதல்நூல் செய்தவன்தான் முனைவர் என்றால் இன்றைக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். உரையாசிரியர்கள் முனைவன் என்பதற்கு இறைவன் என்றே பொருள் சொல்லியிருக்கிறார்கள். மனிதனுக்கு அந்தப் பெயரை வைத்ததே தவறு."

உரை அப்படிச் சொல்வது உண்மை. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் உரை எழுத, சிவஞான முனிவர் அதைத் திருத்திப் பெருக்கினார். திருவாவடுதுறை ஆதீனத்துப் புலமை அது. இயல்பாகவே வினையின் நீங்கியவன் என்றால் அது கடவுள்தான் என்பது சைவ உரைக்கு நேரான முடிவு. நூலைச் செய்த பவணந்தியார் சமணர். அவர் நெஞ்சில் அருகன் இருந்திருக்கலாம். ஒரே சொல்லில் அவரவர் தெய்வம் வந்து உட்கார இடம் இருந்திருக்கிறது. சொல் மேலிருந்து கீழே இறங்குவதும் தமிழில் புதிதில்லை. பேராசிரியர் என்ற பெயரையே பாருங்கள். தொல்காப்பியத்துக்கு உரை கண்ட ஒருவரை அவர் இயற்பெயரே மறைந்துபோகும்படி பேராசிரியர் என்று அழைத்தோம். இன்று அது கல்லூரியில் ஒரு பதவியின் பெயர்.

ஆனால் அவர் காட்டத்தால் எனக்கு ஒரு நன்மை விளைந்தது. நூற்பாவை மறுபடி படித்தேன். "முனைவன் கண்டது முதல்நூல்" என்று இருக்கிறது. செய்தது என்று இல்லை, யாத்தது என்றும் இல்லை. கண்டது. இருபத்தேழாம் தேதி எழுதியபோது நூல் செய்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதை முதலில் கண்ணால் கண்டவர் முனைவர்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் மண்ணிலேயே பெரிய முனைவர் ஒருவர் இருந்தார். உத்தமதானபுரத்துக்காரர், 1855இல் பிறந்த உ.வே.சா. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். பல்கலைக்கழகப் படியேறிப் பட்டம் வாங்கியவர் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அது அவர் எழுதிய நூல் இல்லையே, திருத்தக்க தேவர் எழுதியதுதானே என்று கேட்டால் ஆமாம். ஆனால் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, சிதைந்த இடத்தில் சொல் எதுவாக இருக்கும் என்று பல ஏடு தேடி, உரையில் வரும் மேற்கோள் எந்த நூலில் வருகிறது என்று அலைந்து, அவர் கண்டது எத்தனை! சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்கு முன்னாலேயே அவர் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார்.

திருவாரூர்க்காரருக்கு: ஒருவர்கூடத் தேறமாட்டார் என்று சொல்லாதீர்கள். ஒரு நெல் ரகத்தின் வேரில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தவரும், கோயில் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் இருந்த ஒரு கல்வெட்டு வரியைப் படித்தவரும் இருக்கிறார்கள். அவர்கள் தேறுவார்கள்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. வீட்டில் விருந்தாள். காதோலை கருகமணியோடு ஆற்றுக்குப் போக வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5

ஆய்வு மாணவி ஒருத்தி கேட்கிறாள்: "மேற்கோள் அதிகமானால், ஆய்வேட்டில் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அதைத் திருட்டு என்று காட்டுகிறது. பழைய இலக்கணத்தில் இதற்கு வழி இருக்கிறதா?"

இருக்கிறது. நன்னூல் பாயிரத்திலேயே. "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று வரும். முன்னோர் சொன்ன கருத்தை மட்டும் எடுக்காமல் அவர் சொல்லையும் மாற்றாமல் எடுத்தாளுவோம், அது அவரைப் போற்றுவது, வேறு நூல் செய்தாலும் அதற்கு மேற்கோள் வேண்டும் என்பது அதன் கருத்து. பவணந்தியார் தாமே அப்படித்தான் செய்தார். முனைவன் நூற்பாவை அப்படியே எடுத்தாண்டது போற்றுதலாகத்தான் ஏற்கப்பட்டது, ஒருவரும் களவு என்று சொன்னதில்லை.

ஆனால் இன்று முறை வேறு, அதை மதித்துத்தான் ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். முறையாகப் பெயர் சொல்லிக் காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே தங்கச்சி, பெயரைச் சொல், மேற்கோள் குறி போடு, பக்கத்தைக் குறிப்பிடு. பயப்படாதே.

அதே பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம் வருகிறது. அதை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கும். ஆய்வேட்டை மனசில் வைத்துப் படித்தால் ஒன்பதாவது குற்றத்தில் நிறுத்திவிடுவாய்: சென்று தேய்ந்து இறுதல். முதல் இயல் எண்பது பக்கம், கடைசி இயல் பன்னிரண்டு பக்கம் என்று எத்தனை ஆய்வேடுகள் நூலகத்தில் இருக்கின்றன! காரணமும் தெரிந்ததுதான். தெரிந்ததை எழுதும்போது பேனா ஓடுகிறது, தானே கண்டதை எழுத வேண்டிய இடம் வரும்போது உதவித்தொகையும் முடிந்துவிடுகிறது, பொறுமையும் முடிந்துவிடுகிறது. கடைசி இயலை முதலில் எழுது. நான் சொல்லக் கூடிய ஒரே யோசனை அதுதான்.

ஆகஸ்ட் 6

"அப்படியானால் எம்.ஃபில்., டி.லிட். எல்லாம்?" எம்.ஃபில். ஆய்வியல் நிறைஞர், சிலர் இளமுனைவர் என்றும் எழுதுவார்கள். 2022இல் வந்த விதியோடு அந்தப் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. டி.லிட். முதுமுனைவர். முனைவன் என்ற சொல்லை அடியாக வைத்தால் இளைய, முதிய என்று இரண்டு பக்கமும் நீட்ட முடிகிறது. கலாநிதியில் இது அவ்வளவு எளிதில்லை.

இன்னொன்று. முனைவர் என்பதில் ஆண், பெண் பிரிவு இல்லை. என் பெயருக்கு முன்னால் போட்டாலும் அதே சொல்தான், குத்தாலத்து மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் போட்டாலும் அதே சொல்தான். பலர்பால் விகுதி மரியாதையாகவும் நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 9

பின்னிணைப்பைத் தனியாக எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முன் நாலு இயலும் இல்லாமல் அதை மட்டும் ஒரு சின்னப் புத்தகமாக அச்சுக்குக் கொடுக்க எண்ணம். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஊரில் கேட்டது, எந்த வேலையின்போது சொன்னார்கள் என்பது பக்கத்திலேயே வரும்.

ஒரு இடத்தில் நிற்கிறேன். நான் போன ஊர்கள் எல்லாம் காவிரி, அரசலாறு ஓரம், தலைமடைக்குப் பக்கம். கடைமடையில், வேதாரண்யம், தலைஞாயிறுப் பக்கம், கருக்காய்க்கும் சாவிக்கும் வேறுபாடு வைக்கிறார்களா? உப்புத் தண்ணீர் ஏறி முற்றாமல் போன நெல்லுக்குத் தனிப்பெயர் உண்டா? அந்தப் பக்கத்துக்காரர்கள் தூற்றுகிற களத்தில் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். சொன்னவர் சொன்ன வாக்கியத்தையே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.